விட்டு விட்டு அறும் வீட்டு இணையம்: குறை எந்த இடத்தில்?



கடை அடைத்து, கல்லா எண்ணி, வீடு வந்து சேர இரவு பத்து மணி ஆகிறது. சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்து ஜிஎஸ்டி படிவத்தில் பாதி எண்களை நிரப்பியிருப்போம். அந்த நேரம் பார்த்து இணைய இணைப்பு போய்விடும். இரண்டு நிமிடத்தில் தானாகவே திரும்பி வரும். மறுபடி உள்ளே நுழைந்து நிரப்பத் தொடங்கினால் மறுபடி போகும். ஒரேயடியாகப் போய்விட்டாலாவது கம்பெனிக்குப் போன் செய்து ஆளை வரவழைக்கலாம். இதுவோ ஆள் வரும்போது ஒழுங்காக இருக்கும். அவர் வண்டியை எடுத்துக் கொண்டு தெருமுனை தாண்டியதும் தகராறு செய்யும். நம் உறுப்பினர்களில் பலர் இந்தத் தொல்லையைச் சொல்லி வருத்தப்படுவதை நாம் கேட்டு வருகிறோம்.

இது எரிச்சலோடு முடிகிற விஷயம் அல்ல. காசு போகிற விஷயம். மாதாமாதம் தாக்கல் செய்யும் வணிகர் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை 20-ஆம் தேதிக்குள்ளும் போட்டாக வேண்டும். 3பி தவறினால் நாளொன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம்; வரி எதுவும் இல்லாத படிவமானால் ரூ.20. கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. ஜிஎஸ்டிஆர்-1 தவறினால் நஷ்டம் நம்மோடு நிற்பதில்லை. நம்மிடம் சரக்கு எடுத்த சில்லறைக் கடைக்காரருக்கு 14-ஆம் தேதி உருவாகும் 2பி அறிக்கையில் நம் பில் இடம்பெறாது. அவருடைய உள்ளீட்டு வரி வரவு ஒரு மாதம் தள்ளிப் போகும். நம் வீட்டு வை-ஃபை செய்த தவறுக்கு, பத்து வருடப் பழக்கமுள்ள வாடிக்கையாளர் நம்மிடம் முகம் சுளிக்கும் நிலை வருகிறது.

ஆகவே, கம்ப்யூட்டர் படிப்பு படிக்காத நம் போன்றோரும் வீட்டிலேயே இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

மூட்டையில் எடை குறைந்தால் என்ன செய்வோம்?

50 கிலோ துவரம்பருப்பு மூட்டை கடைக்கு வந்து சேரும்போது ஒன்றரைக் கிலோ குறைகிறது என்று வைத்துக் கொள்வோம். எல்லா மூட்டையிலும் அல்ல. சில நாட்களில், சில மூட்டைகளில் மட்டும். உடனே மண்டிக்காரரையும், லாரியையும், குடோன் ஆளையும், கடைத் தராசையும் ஒரே நாளில் மாற்றிவிடுவோமா? மாட்டோம். சரக்கு கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் எடை போட்டுப் பார்ப்போம். லாரியிலிருந்து இறக்கும்போது எடை சரியாக இருந்து, குடோனிலிருந்து கடைக்கு வரும்போது குறைந்தால், குறை குடோனில் இருக்கிறது. மற்றவர்கள் மீது சந்தேகப்பட வேண்டியதில்லை.

இணையமும் இதே போல நான்கு கை மாறித்தான் நம் லேப்டாப்புக்கு வருகிறது. முதலாவது, கம்பெனியிலிருந்து வீடு வரை வரும் ஃபைபர் லைன். இரண்டாவது, சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டர் பெட்டி. மூன்றாவது, ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருக்கும் காற்று வழி. இதைத்தான் வை-ஃபை என்கிறோம். நான்காவது, லேப்டாப்.

பெரும்பாலோர் செய்யும் தவறு என்ன? இணைப்பு அறுந்ததும் ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். லேப்டாப்பையும் அணைத்துப் போடுவார்கள். கையோடு பாஸ்வேர்டையும் மாற்றுவார்கள். ஒரு நாள் சரியாக ஓடும். மூன்றாம் நாள் பழைய கதை. எதனால் சரியானது என்றும் தெரியாது, எதனால் கெட்டது என்றும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்பதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.

முதல் படி: ஒரு சிறிய நோட்டு

கடன் நோட்டு எழுதாமல் கடன் வசூலிக்க முடியாது. விட்டு விட்டு வரும் கோளாறுக்கும் அப்படியே. ஒரு பழைய நோட்டை ரவுட்டர் அருகே வைத்து, இணைப்பு அறும்போதெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். தேதி, மணி, எந்த அறையில் இருந்தீர்கள், லேப்டாப் சார்ஜரில் இருந்ததா பேட்டரியில் இருந்ததா, ரவுட்டரில் எந்த விளக்கு எரிந்தது, அந்த நேரத்தில் வீட்டில் வேறென்ன ஓடிக் கொண்டிருந்தது. இவ்வளவு போதும். நான்கைந்து நாட்களில் ஏதேனும் ஓர் ஒழுங்கு தென்படும். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் போகிறதா? மழை பெய்தால் போகிறதா? பேட்டரியில் ஓடும்போது மட்டுமா? மூடி வைத்த லேப்டாப்பைத் திறந்தவுடனா? இந்தக் குறிப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

இரண்டாம் படி: பக்கத்துப் போனைப் பாருங்கள்

லேப்டாப்பில் இணைப்பு அறுந்தவுடன், அதே வை-ஃபையில் இருக்கும் கைபேசியில் ஏதேனும் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சோதனைக்கு முன்பே கைபேசியின் மொபைல் டேட்டாவை அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால், வை-ஃபை கோளாறானதும் போன் சத்தமில்லாமல் தன் சொந்த டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். போனில் நன்றாக வருகிறது, லேப்டாப்தான் கெட்டுவிட்டது என்று நாமும் ஏமாந்து போவோம்.

போனில் வந்து லேப்டாப்பில் வரவில்லை என்றால், குறை லேப்டாப்பிலோ அது இருக்கும் இடத்திலோ இருக்கிறது. இரண்டிலும் வரவில்லை என்றால் ரவுட்டர் அல்லது வெளி லைன். இந்த ஒரு சோதனையிலேயே நான்கு கைகளில் இரண்டு கழிந்துவிடும்.

மூன்றாம் படி: இரண்டு தராசு வைத்து எடை போடுதல்

விண்டோஸ் லேப்டாப்பில் தேடும் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கமாண்ட் ப்ராம்ப்ட் என்னும் கறுப்புத் திரை வரும். அதில் பிங் என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் எண்ணையும், மீண்டும் ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டி என்ற எழுத்தும் போட்டு என்டர் தட்டுங்கள். ரவுட்டரின் எண் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றிருக்கும், சில கம்பெனிப் பெட்டிகளில் வேறாக இருக்கும். பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் காணலாம். இப்போது லேப்டாப், "இருக்கிறாயா?" என்று ரவுட்டரைக் கேட்டபடி இருக்கும். பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று வரிவரியாகத் திரையில் ஓடும். பதில் வராவிட்டால் பெரும்பாலும் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்று வரும்.

இதே போல இன்னொரு கறுப்புத் திரையைத் திறந்து, ரவுட்டர் எண்ணுக்குப் பதிலாக 8.8.8.8 என்று போடுங்கள். இது கூகுள் நிறுவனம் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஒரு சர்வரின் எண். ஆக, ஒரு தராசு வீட்டுக்குள்ளும், மற்றொரு தராசு வீட்டுக்கு வெளியிலும் எடை போடுகின்றன. இரண்டையும் ஓடவிட்டு வேலையைப் பாருங்கள். நிறுத்த வேண்டுமானால் கண்ட்ரோல் பொத்தானுடன் சி எழுத்தைத் தட்டினால் போதும்.

இணைப்பு அறும் அந்த நிமிடத்தில் இரண்டு திரைகளையும் பார்த்தால் குறை இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

ரவுட்டர் பதில் தருகிறது, 8.8.8.8 பதில் தரவில்லை என்றால், வீட்டுக்குள் சரக்கு சரியாகத்தான் இருக்கிறது; குறை வெளி லைனில் அல்லது ரவுட்டரின் வெளிப்பக்கத்தில்.

இரண்டுமே பதில் தரவில்லை என்றால், குறை காற்று வழியில், லேப்டாப்பில் அல்லது ரவுட்டர் பெட்டியில்.

இரண்டும் பதில் தருகின்றன, ஆனால் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்னும் சேவையில் கோளாறு இருக்கலாம். மற்ற எல்லாத் தளமும் திறந்து ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் அந்தத் தளத்தில். கடைசி நாளில் கூட்டம் மிகுந்து திணறும் தளத்துக்காக நம் ரவுட்டரை அடித்துப் பயனில்லை.

ரவுட்டரின் பதில் வழக்கமாகப் பத்து மில்லி விநாடிக்குள் வந்துவிடும். அது நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கினால் சிக்னல் பலவீனம் அல்லது நெரிசல் என்று கொள்ளலாம். வை-ஃபையில் எப்போதாவது ஒரு வரி தவறுவது சகஜம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

குறை லேப்டாப்பில் என்றால்

மின்சாரத்தை மிச்சப்படுத்த, விண்டோஸ் சில சமயம் வை-ஃபை பாகத்தையே தூங்க வைத்துவிடும். பேட்டரியில் ஓடும்போது மட்டும் அறுந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில், நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் வை-ஃபை பாகத்தின் மீது இருமுறை தட்டி, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்னும் பொருளில் இருக்கும் கட்டத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள். சில புதிய லேப்டாப்களில் இந்தப் பகுதி இராது.

அடுத்து, லேப்டாப் வேறு இணைப்புக்குத் தாவுகிறதா என்று பாருங்கள். முன்பொரு நாள் பயன்படுத்திய மகனின் ஹாட்ஸ்பாட், கீழே உள்ள கடையின் வை-ஃபை ஆகியவை நினைவில் இருந்தால் அவற்றைப் பிடிக்க ஓடும். வேண்டாதவற்றை ஃபர்கெட் கொடுத்து நீக்கிவிடலாம்.

விண்டோஸ் புதுப்பித்த மறுநாளிலிருந்து கோளாறு என்று நோட்டு சொன்னால், வை-ஃபை டிரைவரைப் பழையதற்கு மாற்றச் சொல்லுங்கள்; அல்லது லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து புதியதைப் போடச் சொல்லுங்கள். டபிள்யூலேன் ரிப்போர்ட் என்று ஒன்றை விண்டோஸே தயாரித்துத் தரும். கடந்த 3 நாட்களில் வை-ஃபை எப்போது சேர்ந்தது, எப்போது அறுந்தது, காரணம் என்ன என்பது அதில் இருக்கும். சர்வீஸ் செய்ய வருபவரிடம் அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். நெட்வொர்க் ரீசெட் என்பதைக் கடைசியாகத்தான் செய்ய வேண்டும். அது சேமித்த வை-ஃபை பாஸ்வேர்டுகளையெல்லாம் அழித்துவிடும்.

குறை காற்று வழியில் என்றால்

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால், எவர்சில்வர் பாத்திர அடுக்கின் நடுவில், ஃபிரிட்ஜ் தலைமேல் என்று வைத்துவிட்டு சிக்னல் வரவில்லை என்கிறோம். இரும்பும் தண்ணீர்த் தொட்டியும் கனமான சுவரும் வை-ஃபையைத் தடுப்பவை. தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில், வீட்டின் நடுவே வைப்பது நலம்.

இப்போதைய ரவுட்டர்கள் பலவற்றில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 தூரம் போகும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் அதே பாதையில்தான் நடக்கின்றன. அதில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. 5 வேகமானது, நெரிசல் குறைவு. ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். கணக்கு எழுதும் மேசை ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் 5-ஐயும், தள்ளி இருந்தால் 2.4-ஐயும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் லேப்டாப் தாவுவது நிற்கும்.

ஒரு நெட்வொர்க் கேபிளை ரவுட்டரிலிருந்து நேராக லேப்டாப்பில் செருகி இரண்டு மூன்று இரவுகள் வேலை செய்து பாருங்கள். கேபிளில் அறாமல், வை-ஃபையில் மட்டும் அறுந்தால் வெளி லைன் மீது குற்றமில்லை. கேபிள் செருகும் வாய் இல்லாத லேப்டாப்புக்கு யுஎஸ்பியில் மாட்டும் சிறு இணைப்பான் கிடைக்கிறது. தாக்கல் செய்யும் இரவுகளில் மட்டுமாவது கேபிளில் வேலை செய்வது நல்ல பழக்கம்.

குறை ரவுட்டரில் என்றால்

இணைப்பு அறும்போது ரவுட்டரின் எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து மறுபடி எரிகின்றனவா? அப்படியானால் பெட்டி தானாகவே அணைந்து எழுகிறது என்று பொருள். அதன் மின் அடாப்டர் தளர்ந்திருக்கலாம், ப்ளக் ஆடலாம், வோல்டேஜ் இறங்கலாம். பெட்டியை மாற்றுவதற்கு முன் அதே வோல்ட் உள்ள, அதே ஆம்பியரோ அதற்கு மேலோ தரும் வேறொரு அடாப்டர் போட்டுப் பார்ப்பது செலவு குறைந்த வழி. தொட்டால் சுடும் அளவுக்குச் சூடானால் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

நமக்குத் தெரிந்த ஓர் அரிசி மண்டிக்காரர் அனுபவம் இங்கே சொல்லத் தக்கது. மண்டிக்கு மேலேயே வீடு. நான்கு மாதங்களாக லேப்டாப்பில் மட்டும் இணைப்பு அறும். ரவுட்டரை மாற்றினார், பயனில்லை. புது லேப்டாப் வாங்கும் எண்ணத்தில் இருந்தார். நோட்டு எழுதச் சொன்னோம். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தால், கரண்ட் போய் வந்த நாட்களில் மட்டுமே கோளாறு இருந்தது. காரணம் மண்டியின் கேமரா பதிவுப் பெட்டி. அதை மாட்டியவர் அதற்கு ஒரு நிலையான எண்ணைக் கொடுத்திருந்தார். அதே எண் ரவுட்டர் மற்றவர்களுக்கு வழங்கும் வரிசையிலும் இருந்தது. கரண்ட் போனதும் கேமராப் பெட்டி அணையும். சிறு யுபிஎஸ்ஸில் ஓடும் ரவுட்டர் அந்த எண்ணை லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும். கரண்ட் வந்ததும் ஒரே எண்ணுக்கு இரண்டு பேர். ஒரே டோக்கனோடு இரண்டு பேர் வந்து நின்றால் கல்லாவில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. கேமராவுக்கு அந்த வரிசைக்கு வெளியே ஓர் எண் கொடுத்ததும் தொல்லை தீர்ந்தது. செலவு ஒன்றுமில்லை. கேமராவோ, பில் அச்சிடும் இயந்திரமோ வீட்டு ரவுட்டரில் சேர்த்திருப்பவர்கள் இதைச் சரிபார்த்துக் கொள்வது நல்லது.

குறை வெளி லைனில் என்றால்

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்பெனியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ஃபைபர் கம்பி கண்ணாடியால் ஆனது. அதைக் கதவிடுக்கில் நசுக்குவதும் ஆணியில் கூர்மையாக மடக்கிக் கட்டுவதும் கூடாது. நம் போன்ற மளிகை வியாபாரிகள் வீட்டிலும் குடோனிலும் எலிக்குப் பஞ்சமில்லை; கம்பி வரும் வழி முழுவதையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். வெறுங்கையால் முனையைக் கழற்றித் துடைக்க வேண்டாம்; உள்ளிருந்து வரும் ஒளியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

கம்பெனிக்குப் புகார் செய்யும்போது "அடிக்கடி போகிறது" என்றால் "இப்போது வருகிறதே" என்பார்கள். மாறாக, "எட்டாம் தேதி இரவு 10.20 முதல் 10.26 வரை ரவுட்டர் பதில் தந்தது, வெளியே பதில் இல்லை, கேபிளில் சோதித்தது" என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். திரையைப் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணைக் குறிப்பிட்டு முறையிட வழி உண்டு.

ஓர் எச்சரிக்கை. "இணையக் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், லேப்டாப்பில் இந்த ஆப் போடுங்கள்" என்று தாமாகவே அழைப்பவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். தூரத்திலிருந்து திரையை இயக்கும் அந்த ஆப் வழியாக வங்கிக் கணக்கையே காலி செய்துவிடுவார்கள்.

பணம் கட்டும்போது அறுந்துவிட்டால்

வரி கட்டும்போது இணைப்பு அறுந்தால் பதற்றத்தில் உடனே மறுபடி கட்டாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கில் பணம் கழிந்ததா என்று பாருங்கள். பிறகு ஜிஎஸ்டி தளத்தில் சலான் விவரத்தையும் மின்னணு ரொக்கப் பேரேட்டையும் பாருங்கள். பேரேட்டில் வரவாகியிருந்தால் பணம் பத்திரமாக இருக்கிறது. அதைக் கொண்டே படிவத்தை முடிக்கலாம். வங்கியில் கழிந்து, பேரேட்டில் வரவாகாமல் நின்றால் பிஎம்டி-07 என்னும் படிவம் மூலம் தளத்திலேயே முறையிடலாம்.

தாக்கல் பாதியில் நிற்கும் இரவில் ஆராய்ச்சி வேண்டாம். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைச் சேர்த்து முதலில் வேலையை முடியுங்கள். மறுநாள் நிதானமாகக் குறையைத் தேடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 11 என்பதை 9 என்றும் 20 என்பதை 18 என்றும் மனதில் வைத்துக் கொண்டால் எந்த ரவுட்டரும் நம்மை மிரட்ட முடியாது.

வெட்டி ஒட்டிக் கொள்ள

1. நோட்டில் தேதி, மணி, இடம், விளக்கு ஆகியவற்றை எழுது.
2. மொபைல் டேட்டாவை அணைத்த போனில் சோதித்துப் பார்.
3. ரவுட்டருக்கும் 8.8.8.8-க்கும் பிங் ஓடவிட்டு, எது நிற்கிறது என்று பார்.
4. கேபிளில் இரண்டு மூன்று இரவுகள் ஓட்டிப் பார்.
5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது.
6. அவசரத்துக்கு ஹாட்ஸ்பாட்; பணம் கட்டும்போது அறுந்தால் பேரேட்டைப் பார்க்காமல் மறுபடி கட்டாதே.

இந்த ஆறு வரிகளையும் வெட்டி ரவுட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைக்கும்படி கேட்டுக் கொள்கிறோம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் மூன்றாம் படியை அவர்களிடம் விட்டுவிடுங்கள். பத்து நிமிடத்தில் செய்து காட்டுவார்கள். நோட்டு எழுதும் வேலையை மட்டும் நாமே வைத்துக் கொள்வோம்; அது நமக்குக் கைவந்த தொழில்.